சுப்பிரமணியின் படகுச் சோதனை

காலை ஆறேகால் மணிக்கு, வேப்பம்பட்டில் மகள் வாங்கப்போகும் புது வீட்டின் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தார் சுப்பிரமணி. கால்விரல்கள் தண்ணீரில் முழுகின. வேறு யாராக இருந்தாலும் ஐயோ என்று அலறியிருப்பார்கள்.

"அப்பிடிப் போடு!" என்றார் சுப்பிரமணி.

பழவேற்காட்டு ஏரியில் முப்பது வருடமாகப் படகு ஓட்டுகிறவர் அவர். பழைய படகை விலை பேசினால், முதலில் அதைக் கரையேற்றி உள்ளே தண்ணீர் ஊற்றி வைப்பார். உள்ளேயிருந்து ஒரு சொட்டு வெளியே கசிந்தால், நாளைக்கு அதே வழியாக ஏரி உள்ளே வரும் என்பது அவர் கணக்கு. இப்படிப் பார்த்து வாங்கிய ஐந்து படகில் ஒன்றுகூட அவரை ஏமாற்றியதில்லை. அதைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூடச் சொல்வார்.

அதனால்தான், திருவள்ளூர் கோர்ட்டில் வேலை பார்க்கும் மகள் காயத்ரி, புது வீட்டைச் சோதித்துச் சொல்லக் கிறிஸ்டினா என்ற இன்ஜினியர் பெண்ணை வரச்சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஊட்டப் பாக்க வெளியாளா? அப்ப நான் இன்னாத்துக்குக் கீறேன்?"

"நைனா, நீ பாக்கறது படகு. இது ஊடு."

"ரெண்டுலயும் மனுசன்தான குந்திகினு கீறான்?"

நேற்று மாலையே பில்டர் ஆபீஸில் சாவியை வாங்கினார். பாத்ரூமில் தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் அடைத்து, அதன் வாசல்படியைத் தொடும்வரை தண்ணீர் நிரப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார். பத்து மணிக்கு இன்ஜினியர் வருமுன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது திட்டம்.

கண்டுபிடித்தாயிற்று! பெருமையாக ஹாலைக் கடந்து படுக்கையறைக்குப் போனார். அங்கேயும் தண்ணீர். சமையலறையிலும் தண்ணீர். இவ்வளவா ஊற்றினோம்? பாத்ரூம் குழாயில் இப்போது சொட்டு வரவில்லை; நேற்று சரியாக மூடினோமா, இல்லை ராத்திரியெல்லாம் ஓடி மேல்தொட்டி காலியாகி நின்றதா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பெருமை மெல்ல வடிந்தது. தண்ணீர் மட்டும் வடியவில்லை.

பதினோரு மணிக்குக் காயத்ரி, வீடு சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் குடும்பத்தில் ஒரு பெண் தன் பேரில், தன் சம்பாத்தியத்தில் வாங்கும் முதல் வீடு. அதை அப்பன் முழுக்கிவிட்டான் என்றால்?

வேட்டியை மடித்துக் கட்டினார். துவாரத்துத் துணியைப் பிடுங்கினார்; பாத்ரூம் வடிந்தது, ஹால் தண்ணீர் மட்டும் படியைத் தாண்டி அங்கே போகவில்லை. வாளியை எடுத்து, படகில் இறைப்பது போலவே இறைத்து ஜன்னல் வழியாக வெளியே கொட்டினார். இருபது வாளி ஆனதும் நிமிர்ந்து பார்த்தார். கொட்டிய தண்ணீர் வெளிச்சுவரை ஒட்டிக் குளமாக நின்றது. உள்ளே ஓரங்களில் மறுபடி ஊறிக்கொண்டிருந்தது.

மறுபடி இறைத்தார். மறுபடி ஊறியது.

தரையைத் துடைக்கத் தோளில் கிடந்த துண்டைப் போட்டார். துண்டு கனத்ததுதான் மிச்சம். காற்றில் உலரட்டும் என்று மின்விசிறி சுவிட்சைத் தட்டினார். சுவருக்குள் 'டப்' என்றது. வீடு முழுக்க கரண்ட் போயிற்று.

சரியாகப் பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். காயத்ரி, கிறிஸ்டினா, பில்டரின் மேனேஜர் ரகு.

"நைனா! இன்னா இது?"

"டெஸ்ட்டும்மா."

"டெஸ்ட்டா? வலை போட்டா மீனு மாட்டும் போலக் கீது!"

கிறிஸ்டினா சிரிக்கவில்லை. கையடக்கக் கருவி ஒன்றைச் சுவரில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிய, அது கத்தியது. அடுத்த சுவரில் வைத்தாள். அங்கேயும் கத்தியது.

"எல்லாச் சுவரும் ஈரம் காட்டுது மேடம். ஆனா இது அங்கிள் ஊத்துனதா, இல்ல அடியிலேர்ந்தே ஊறுதான்னு இப்பப் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஒரு வாரம் காயவிட்டு மறுபடியும் பாக்கணும்."

ரகுவின் முகம் மலர்ந்தது. "பிரிக்கிறதுக்கு இன்னா கீது? அப்பளமாட்டம் காஞ்சிகினு இருந்த ஊடு. பெரியவரு வந்து குளமாக்கிட்டாரு."

"யாருய்யா பெரியவரு?"

"சரி, சின்னவரு. ஒரு வாரம்லாம் நிக்க முடியாது மேடம், இந்த ஊட்டுக்கு இன்னொரு பார்ட்டி காத்துகினு கீறாங்க. 'ஊடு நல்லாத்தான் இருந்திச்சு, ஈரத்துக்கு நாங்கதான் பொறுப்பு'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. இன்னிக்கே முடிச்சிடலாம்."

"அவசரப்பட்டு எழுதாதீங்க" என்றாள் கிறிஸ்டினா.

காயத்ரி அப்பாவைப் பார்த்தாள்.

சுப்பிரமணி நெஞ்சை நிமிர்த்தினார். "ஊத்துனவன் நானு. எம்பொண்ணு கையால அந்த வரி வரக்கூடாது. நானே எழுதறேன். குட்றா பேனாவ!"

ரகு பேனாவோடு ஒரு காகிதத்தையும் நீட்டினான். சுப்பிரமணி அதை ஜன்னல் கட்டையில் வைத்து, பெரிய பெரிய எழுத்தில் 'ஈரத்துக்கு' என்று எழுதினார்.

அப்போது கேட் கிரீச்சிட்டது. நேற்று சாயங்காலம் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு ஊத்துக்கோட்டை போயிருந்த வாட்ச்மேன் ஏழுமலை, தோளில் பையும் கையில் வாளியுமாக மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார். ரகு கண்ணாலேயே "போ, போ" என்றான். ஏழுமலைக்கு அது கோபமாகத் தெரிந்தது போலும். ஹாலைப் பார்த்தார், ரகுவைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"கோச்சுக்காதீங்க சார், பஸ்ஸு லேட்டாயிடுச்சு. தெனம் பார்ட்டிங்க வர்றதுக்குள்ள தண்ணிய எறைச்சித் தொடைச்சி வெச்சிருவேன்ல, இன்னிக்கி ஒரு நாளுதான் தவறிடுச்சு!"