இ இல்லாத இரங்கல்

கமலவேணி திருப்பி அனுப்பிய இரங்கல் கடிதம் ஒன்றியச் செயலாளர் செந்தில்குமாரின் மேசைமேல் கிடந்தது. கம்ப்யூட்டரில் அடித்து, கீழே தலைவர் கையெழுத்துப் போட்டது.

"கரண்டு பில்லுகூடத்தான் அச்சடிச்சு வருது. கூடவே கெடந்த மனுசனுக்கு, கைப்பட நாலு வரி எழுத முடியாதாமா?" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

செத்துப்போனவர் அவருடைய கணவர் அய்யம்பெருமாள். தலைவரின் வலது கை என்று மேடைக்கு மேடை சொல்லப்பட்டவர். சாவுக்குத் தலைவர் வரவில்லை, மாலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை குரும்பலூரில் படத்திறப்பு. அன்றைக்கு அந்த அம்மாள் மேடையேறாவிட்டால் அவருடைய சொந்தபந்தங்களின் ஓட்டு மொத்தமும் அடுத்த கட்சிக்குப் போய்விடும். அந்தக் கட்சிக்காரர்கள் துக்கம் தாங்காமல் தினமும் அவர் வீட்டில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமை ஆபீசுக்குப் போன் போட்டதில், தலைவருக்கு விரல் வலி, கையெழுத்துக்கு மேல் ஓடாது என்றார்கள். பெரிய மனசு பண்ணி, கையெழுத்து மட்டும் போட்ட வெள்ளைத்தாள் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். ஆறுதலை இவர்களே மேலே நிரப்பிக்கொள்ள வேண்டியது.

அதற்காகத்தான் மணிவேல் வரவழைக்கப்பட்டார். மீன்சுருட்டியிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் கட்சிக்குச் சுவர் எழுதுகிறவர். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றதால், எழுத்தெல்லாம் அவருக்குப் படம் மாதிரி. எதைக் காட்டினாலும் அப்படியே வரைந்துவிடுவார். ஏணி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்திருந்தது. செந்தில்குமார் வயதில் சின்னவர், ஆனாலும் பதவி இருப்பதால் அண்ணன்.

"இத மட்டும் சரியா முடிச்சிட்டீன்னா மணி, இனிமே ஏணியே ஏற வேணாம். ஆபீஸ்லயே ஃபேனுக்குக் கீழ ஒரு நாற்காலி. ஒக்காந்து எழுது" என்றார்.

மணிவேலுக்கு அப்போதே பாதி வலி போய்விட்டது.

மாதிரிக்கு, ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த தலைவரின் கடிதத்தைக் கழற்றினார்கள். யாரோ ஒரு வட்டச் செயலாளரின் கல்யாணத்துக்கு எழுதிய வாழ்த்து. தலைவரின் முத்தான கையெழுத்து ஊரறிந்தது. போஸ்டரில்கூட அதைத்தான் போடுவார்கள்.

பழைய பேப்பரில் எழுதிப் பார்த்தார் மணிவேல். சுவர்ப் பழக்கத்தில் 'அன்புத் தங்கை' என்பதற்கே ஒரு பக்கம் போய்விட்டது. சின்னதாக எழுதச் சொன்னார்கள். சின்னதாக்கினார். கடைசியில் கை தன்பாட்டுக்கு 'அலைகடலெனத் திரண்டு வாரீர்' என்று முடித்தது. செந்தில்குமார் தலையில் அடித்துக்கொண்டு, வாசகத்தைத் தானே சொல்ல ஆரம்பித்தார்.

"ஈடு செய்ய முடியாத இழப்பு. எழுது."

"அண்ணே, இதுல இனா இல்லீங்க."

"என்ன இல்ல?"

"இந்தக் கல்யாணக் கடுதாசில இனாவே வரல. பாத்துத்தானே வரையணும்."

இழப்பு போயிற்று. இறந்தார், இரங்கல், இதயம், இமயம், எல்லாமே போயிற்று. தமிழ்நாட்டில் துக்கம் முழுவதும் அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது என்பது செந்தில்குமாருக்கு அன்றுதான் தெரிந்தது. நீயே ஓர் இனா போடு என்றார். மணிவேல் போட்ட இனா நிழலோடு, குண்டாக, சுவரில் இடம் பிடிக்க வந்தது போல நின்றது. வேறு யாரிடமாவது தலைவர் கடிதம் வாங்கலாமென்றால், விஷயம் வெளியே போய்விடும்.

"சரி, இனா வேணாம். 'போய்ச் சேர்ந்தார்'னு போடு."

"மொட்டையா இருக்குங்களே."

"முன்னாடி மரியாதையா ஏதாவது சேத்துக்க. அதுல என்ன இருக்கு?"

கல்யாண வாழ்த்தில் 'நலம்' நிறைய இருந்தது. மணிவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையெழுத்துக்கு மேலே எழுதி முடித்தார்.

'அன்புத் தங்கை கமலவேணிக்கு, அய்யம்பெருமாள் நலமாகப் போய்ச் சேர்ந்தார். மனம் தளர வேண்டாம்.'

செந்தில்குமார் வாசித்துப் பார்த்தார். மாற்றி எழுதலாமென்றால், இருந்தது ஒரே தாள். தலைவர் எழுதினால் அதில் ஆழமான பொருள் இருக்கும் என்று ஜனங்கள் நம்புவார்கள், அந்தத் தைரியத்தில் உறையில் போட்டார்.

படத்திறப்பன்று மேடையேறுவதற்கு முன் இருவரும் கமலவேணி வீட்டுக்குப் போனார்கள். விரல் வலியோடு தலைவர் தன் கைப்பட எழுதினார் என்று சொல்லி, செந்தில்குமார் உறையை நீட்டினார். கமலவேணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்பப் படித்தார். எழுத்தின் மேல் விரலால் மெல்லத் தடவினார். கண் கலங்கிவிட்டது. சுற்றியிருந்த பெண்கள் விசும்ப ஆரம்பித்தார்கள். அடுத்த கட்சிக்காரர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

செந்தில்குமார் காரியம் முடிந்ததென்று தலைமை ஆபீசுக்குப் போனை எடுத்தார். மணிவேல் மனசுக்குள் ஃபேனைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கமலவேணி கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்:

"தலைவருக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் வரும் தம்பி, மத்ததெல்லாம் அந்தக் காலத்துலேர்ந்து எங்க வூட்டுக்காரரு கைப்பட எழுதிக் குடுத்ததுதான், போகட்டும், நலமாப் போய்ச் சேந்துட்டாருன்னு அவரு கையாலயே ஒரு வரி வந்துருச்சு."