புல்தரைக்குப் போர்த்திய சேலை

எங்கள் வீட்டு முற்றத்தில் இருக்கிற மாதிரி ஒரு புல்தரை, ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் எந்தக் கிளாக்கர் வீட்டிலும் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் ஆகியும் எங்களுக்கு வெள்ளைக்காரத் துரைதான். அவருடைய துரைசானி வருசா வருசம் உத்தியோகத்தர் வீடுகளைச் சுற்றிப் பார்த்து, நல்ல புல்தரைக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பார். அது தவறாமல் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் வீட்டுக்கே போகும். அந்தத் தைப்பொங்கலன்று இவர் பொங்கல் பானைக்கு முன்னால் நின்று சபதம் போட்டார்.

"இந்த வருசம் கோப்பை நம்ம வீட்டு அலமாரியில. இல்லாட்டி மீசைய எடுத்துருவேன்."

மீசை போனால் போகட்டும், திரும்ப முளைக்கும். அடுத்துச் சொன்னதுதான் வினை.

"இன்னையிலருந்து புல்லு மேல ஒரு துணி காயப்போடக் கூடாது."

"அப்ப எங்கங்க காயப்போடுறது?"

"ஒலகத்துல வேற எடமே இல்லையா?"

உலகத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் இல்லை. பின்பக்கம் மலை. பக்கவாட்டில் ஃபேக்டரிச் சுவர். வெயில் விழுகிற ஒரே இடம் அந்தப் புல்தரை. அதுவும் மூடுபனி மனசு வைத்தால்தான். அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன். ஒரு சட்டை காய்வதற்குள் அது யாருடைய சட்டை என்பதே மறந்துபோகும்.

"ஏ வீரம்மா! ஆபீசுல தொரை மூக்க மூக்க உறிஞ்சுறாரு. கருவாடு எங்க சுடுறாங்கன்னு கேக்குறாரு."

"கருவாடு இல்லங்க. ஒங்க சட்டை."

எனக்கு இயல்பிலேயே கவலை அதிகம். ஈரத் துணியால் இவருக்குச் சளி பிடிக்குமோ, சளி நெஞ்சுக்கு இறங்குமோ என்று யோசித்து யோசித்து எனக்கே தலைவலி வந்தது. கடைசியில் இவர் ஆபீசுக்குப் போனதும் துணியைப் புல்லில் விரிப்பேன். திரும்பி வருவதற்குள் எடுத்துவிடுவேன்.

மாசி மாதம் ஒருநாள் அடுத்த வீட்டுப் பூரணம் வந்தாள். ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் மகாலிங்கத்தின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரி, இங்கிலீஷ் படித்தவள். பேச்சு பேச்சாகப் போய், துணி நினைவே இல்லை. இவரும் அன்று இருட்டித்தான் வந்தார்.

விடிந்ததும் ஒரு கத்தல். "வீரம்மா!"

ஓடினேன். முற்றம் முழுக்க உறைபனி, உப்பைக் கொட்டினது போல. என் பச்சைச் சேலை விறைத்துப்போய், இவர் கையில் பலகை மாதிரி நிமிர்ந்து நின்றது. செத்தேன் என்று நினைத்தேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். சேலை கிடந்த இடம் மட்டும் சேலை நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று இருந்தது.

"பனி கொட்டும்னு மனசு சொல்லுச்சுங்க. புல்லு கருகிடுமேன்னு போத்தி விட்டேன்."

இவர் புல்லைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். மத்தியானம் மற்ற இடமெல்லாம் கருகினதையும் பார்த்தார். அன்று சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றார்.

"தொவச்ச துணி இவ்வளவுதானா? மேக்கு மூலைக்குப் பத்தலையே!"

அன்றிலிருந்து விரிப்பதும் இவர், வெயில் ஏறியதும் எடுப்பதும் இவர். சுருக்கம் இருந்தால் பனி உள்ளே நுழையுமே என்று மடித்தும் வைத்தார். நான் பாயில் உட்கார்ந்து அடுத்த கவலையைப் பட்டேன்.

சித்திரையில் புல் திட்டுத் திட்டாக மஞ்சளித்தது. தோண்டினால் வெள்ளைப் புழு, வேரைத் தின்றுகொண்டிருந்தது.

"சவுக்காரத் தண்ணி ஊத்துனா புழு மேல வந்துரும், மைனா பொறுக்கிரும்" என்றேன்.

"குடு, ஊத்துறேன்."

"நுரை அடங்குறதுக்குள்ள ஊத்தணுங்க. நான் தொவச்சு முடிச்சு ஒங்களக் கூப்புடுறதுக்குள்ள அடங்கிரும்."

"அப்ப நானே தொவைக்கிறேன். நீ தள்ளு!"

புழுவும் வந்தது, மைனாவும் வந்தது. என் இடுப்பு வலியும் போனது. ஆடி மழையில் புல்லுக்குள் பாசி பிடித்தது. பாசியைச் சுரண்டிவிட்டு அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்னேன். சாம்பலில் கரித்துண்டு இருக்கக் கூடாது என்றும் சொன்னேன். இவர் ஒவ்வொரு காலையும் அடுப்பை வழித்து, சலித்து, மெழுகியும் விட்டார்.

ஆவணியில் துரைசானி வந்தார். உத்தியோகத்தர் எல்லாரும் மனைவிமாரோடு கூடி நின்றார்கள். எங்கள் புல்தரை பச்சை வெல்வெட். எப்படி வளர்த்தீர்கள் என்று துரைசானி கேட்டிருப்பார் போலிருக்கிறது. இவர் மார்பை நிமிர்த்தி, சேலை விரிப்பதையும் துணி துவைப்பதையும் கையால் செய்தே காட்டி, இங்கிலீஷில் விளக்கினார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு சொல் புரியவில்லை. அகப்பட்டுக்கொண்டோம் என்று மட்டும் புரிந்தது. துரைசானி இவரை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

"என்னவாம் பூரணம்?"

"உங்கட பெண்சாதி கெட்டிக்காரத் தோட்டக்காரி எண்டு அவருக்குச் சொல்லுறா, அக்கா."

கோப்பை எங்களுக்கே. வீட்டுக்கு வந்து அதைத் துடைத்துக்கொண்டே இவர் சொன்னார்: "பாவம், அந்தம்மாவுக்கு யாரு பாடுபட்டதுன்னு வெளங்கல."

ஆனால் மறுநாள் காலையில் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"போச்சு வீரம்மா! டீமேக்கர் நுரை வாளியோட நிக்கிறாரு. மகாலிங்கம் சேலைய விரிக்கிறாரு. எல்லாப் பயலுகளும் நம்ம ரகசியத்தப் புடிச்சிட்டானுக!"

பூரணம் வேலிக்கு அந்தப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு வெயில் காய்ந்தாள். அதைப் பார்க்க எனக்கு ஒரு பெருமை. ஆனால் இவர் மனசு விட்டுப்போனால் துணிக்கூடை என்னிடம் திரும்பி வருமே என்று உடனே கவலையும் வந்தது.

"யாருக்கும் தெரியாத மருந்து ஒண்ணு இருக்குங்க. சோறு வடிச்ச கஞ்சி. தண்ணி கலந்து ஊத்துனா புல்லுக்குப் பால் மாதிரி. ஆனா பதம் தப்பக் கூடாது. வடிக்கிற கையே ஊத்தணும்."

இவர் கண் மின்னியது. "யார்கிட்டயும் மூச்சு விடாத!"

நான் மூச்சு விடவில்லை. இப்போது தினமும் முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். சமையலறையிலிருந்து அதட்டல் வரும்:

"வீரம்மா, உள்ள வந்துராத! புல்லுக்குச் சோறு வெந்துக்கிட்டு இருக்கு!"