ரயிலைத் தவறவிட்ட கார்டு

ரயில் போய்விட்டது. கார்டு மட்டும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் கையில் ஒரு வார். வாரின் மறுமுனையில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய். அதன் பெயர் மோர்ட்டிமர். திருமதி பென்ஃபோல்ட் என்ற பயணியின் பிடியிலிருந்து நழுவிக் குதித்த அதைப் பிடிக்கப் போய்த்தான் கார்டு மெர்வின் டட்லி இறங்கினார். டிரைவர் கிளைவ் கேமராத் திரையில் பார்த்தார். யாரோ ஒரு பயணி நாயோடு இறங்குகிறார் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேமராவுக்கு எல்லாம் தெரியும் என்று அறிக்கை எழுதியவரே மெர்வின்தான்.

அவர் நிஜ கார்டு இல்லை. ரயில் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நாற்காலி தேய்க்கிறவர். இனி கார்டே வேண்டாம், டிரைவர் ஒருவரே போதும் என்று கம்பெனி சொன்னதால் கார்டுகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். ஆனால் தகராறு தீரும்வரை கார்டு இல்லாமல் அந்தப் பாதையில் வண்டி ஓடக் கூடாது. ஆகவே அலுவலகத்து ஆட்களைப் பிடித்து, ஒரே நாள் பயிற்சி கொடுத்து, ஆரஞ்சு மேல்சட்டை மாட்டி ஏற்றிவிட்டார்கள். தேவையே இல்லாத ஆளுக்கு எதற்கு மாற்றாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாட்டேன் என்கிறவர்களின் பெயர் ஆட்குறைப்பில் முதலில் வரும் என்று மேலாளர் ஹார்கோர்ட் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

இது போதாதென்று, கார்டுகள் சங்கத்தின் கிளைச் செயலாளர் மெர்வினின் மனைவி ஜோஸலின்.

அந்த வீட்டில் எந்தக் கெட்ட வார்த்தையும் பேசலாம். வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போகிறவனைத் திட்டும் 'கருங்காலி' மட்டும் கூடாது. அதனால் காலையில் மெர்வின், "பல் டாக்டர்கிட்ட போறேன்" என்று புளுகினார்.

"போயிட்டு வா. வாயை நல்லாத் திற, பயப்படாதே" என்று சொல்லிவிட்டு ஜோஸலின் கொடியைத் தூக்கிக்கொண்டு ஆஷ்கம்ப் ஸ்டேஷன் மறியலுக்குப் போனாள். ஆஷ்கம்ப்தான் அடுத்த ஸ்டேஷன். அது வந்ததும் கார்டு அறையில் குனிந்துகொள்வது என்று மெர்வின் திட்டம் போட்டிருந்தார். இப்போது குனியவும் வழியில்லை.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தால் நேரே ஹார்கோர்ட் காதுக்குப் போகும், வேலை காலி. வேறு வழி ஒன்றுதான் இருந்தது. ரயில் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போகிறது, சாலையோ நேராகப் போகிறது. முந்திக்கொண்டு கடைசி ஸ்டேஷனான சீஹோமுக்குப் போய்ப் பின்பக்கமாக ஏறிவிட்டால் யாருக்கும் தெரியாது.

சாலைக்கு ஓடினார். தூரத்தில் ஒரு வேன் வந்தது. கை காட்டிய பிறகுதான் அதன் இரண்டு பக்கமும் சங்கக் கொடி பறப்பதைப் பார்த்தார். சீஹோம் ஊர்வலத்துக்குப் போகிற கார்டுகள்!

மேலே கிடப்பதோ முதுகில் கம்பெனி முத்திரை போட்ட ஆரஞ்சுச் சட்டை. கழற்றினார். ஒளித்துவைக்க ஒரு புதர்கூட இல்லை. வேன் நெருங்கிவிட்டது. சட்டென்று சட்டையை மோர்ட்டிமருக்கு மாட்டிவிட்டார். அளவு எடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

வேன் நின்றது. ஓட்டிவந்த நோரீன் எட்டிப் பார்த்தாள். அந்த வட்டாரத்தில் ஒலிபெருக்கி தேவைப்படாத ஒரே கார்டு அவள்.

"ஏய், இங்க பாருங்கடா! நம்ம வேலைக்கு நாயை எடுத்துட்டானுங்கன்னு எவ்வளவு அழகா காட்டியிருக்காரு!"

சிரிப்பில் வேனே குலுங்கியது.

"யாருய்யா நீ? எந்த ஊரு?"

"ஆஷ்... ஆஷ்கம்ப்."

"அட, நம்ம ஜோஸலின் ஆளு! ஏறுய்யா. அண்ணனுக்கு இடம் விடுங்கடா. நாய்க்கு ஜன்னல் சீட்டு."

மெர்வின் ஏறினார். யாரோ பாதி சாசேஜ் சாண்ட்விச்சைக் கையில் திணித்தார்கள். ஃபிளாஸ்கிலிருந்து டீ வந்தது. ஹார்கோர்டைப் பற்றி ஒருவர் பாட்டுக் கட்டிப் பாடினார். பாட்டில் ஹார்கோர்டின் வழுக்கை பற்றி ஒரு தப்பு இருந்தது, மெர்வின் பயத்தை மறந்து திருத்திக் கொடுத்தார். கைதட்டல் கிடைத்தது. இத்தனை வருஷ அலுவலக வாழ்க்கையில் யாரும் அவருக்குப் பாதி சாண்ட்விச் கொடுத்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சீஹோம் ஸ்டேஷன் வாசலில் நல்ல கூட்டம். ரயில் இன்னும் வரவில்லை. நைசாக நழுவப் பார்த்தவரின் கையில் நோரீன் ஓர் அட்டையைச் சொருகினாள். அதில் 'கார்டு இல்லாத ரயில் யாருக்கு?' என்று எழுதியிருந்தது. நாயைப் பார்த்து டிவிக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

"நேரலை சார். இந்த நாய் என்ன சொல்ல வருது?"

நோரீன் மெர்வினின் முதுகில் ஒரு குத்து விட்டாள். பொய் எதுவும் கைவசம் இல்லாததால் உண்மை வெளியே வந்துவிட்டது.

"மாத்து கார்டுக்கு ஒரே நாள்தாங்க பயிற்சி. அதுல பாதி நாள் பிஸ்கட்டும் காபியும். வண்டி கிளம்பும்போது கார்டு உள்ளே இருக்கணும்னுகூட யாரும் சொல்லித் தரலை."

கூட்டம் ஆர்ப்பரித்தது. மோர்ட்டிமர் குரைத்தது. நோரீன் மெர்வினின் கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தாள். அதுவும் நேரலையில் போனது.

போன் அடித்தது. ஹார்கோர்ட்.

"டட்லி! ரயில்ல இருக்க வேண்டியவன் டிவியில நிக்கிறியே!"

"அது... என் தம்பி சார். அச்சு அசலா என்னை மாதிரியே இருப்பான். குடும்பத்துக்கே தலைவலி."

"அப்ப நீ ரயில்ல இருக்கே?"

"இருக்கேன் சார்."

"ரொம்ப நல்லது. நான் சீஹோம் பிளாட்பாரத்துலதான் நிக்கிறேன். நீ இறங்கினதும் பத்திரிகைக்காரங்க முன்னாடி கை குலுக்கணும்."

உடனே போன் மறுபடி அடித்தது. ஜோஸலின்.

"மெர்வின்! பல் டாக்டர்னு புளுகிட்டு எங்க ஆளுங்களோட நிக்கப் போனியா நீ? போன்ல பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு, தெரியுமா?"

"ஜோஸ், நான் வந்து... உண்மையில..."

"எதுவும் சொல்லாதே. நோரீன் கொடுத்த முத்தத்தையும் மன்னிச்சுட்டேன். ராத்திரி உனக்குப் பிடிச்ச, மாட்டிறைச்சி வச்சுச் சுட்ட பை பலகாரம் செய்யறேன்."

அவளுடைய குரலுக்குப் பின்னால் கடகடவென்று ஏதோ உருண்டது.

"என்ன ஜோஸ் அது சத்தம்?"

"மறியல்னா சத்தம் இருக்காதா? வச்சுடறேன்."

வேலை போனால் போகட்டும். இவ்வளவு சந்தோஷப்படுகிறவளிடம், நான்தான் அந்தக் கருங்காலி என்று எந்த வாயால் சொல்வது? அதைவிட, சொல்லாமல் அந்தப் பலகாரத்தை எந்த வாயால் தின்பது?

அதற்குள் ரயில் வரும் சத்தம் கேட்டது.

அட்டையை நோரீனிடம் தள்ளிவிட்டு, சரக்கு வாசல் வழியாகப் பிளாட்பாரத்தின் கடைசிக்கு ஓடினார். ஓடிக்கொண்டே நாயின் சட்டையைக் கழற்றி, ரோமத்தோடு தான் மாட்டிக்கொண்டார். ரயில் நின்று கதவு திறந்ததும் கூட்டத்துக்குள் புகுந்து, அப்போதுதான் இறங்கியவர் போல மூச்சு வாங்க நின்றார்.

ஹார்கோர்ட் வேகமாக வந்தார். அவருக்கு முன்னால் பயணிகள் வந்துவிட்டார்கள்.

சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் சொன்னார், "சறுக்குப் பலகையை எவ்வளவு பாங்கா போட்டாங்க! கார்டுன்னா இப்படி இருக்கணும்."

"சுரங்கப்பாதையில விளக்கு போனப்ப மைக்குல பேசிப் பேசியே எங்களைச் சிரிக்க வச்சாங்க" என்றது ஒரு குடும்பம்.

ஹார்கோர்டின் முகம் மலர்ந்தது. மெர்வினின் கையைப் பிடித்து, போட்டோ எடுத்து முடிகிறவரை குலுக்கினார். "பிரமாதம் டட்லி! ஒரே நாள் பயிற்சியில! ஆட்குறைப்புல உன் பேரு வராது, நான் பார்த்துக்கறேன்."

"பயிற்சி அப்படி சார்" என்றார் மெர்வின். தான் எந்த ரயிலில் வந்தோம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

திருமதி பென்ஃபோல்ட் பாய்ந்து வந்து மோர்ட்டிமரைக் கட்டிக்கொண்டாள். மெர்வினைப் பார்த்து ஏனோ வாய்மேல் விரல் வைத்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள். பத்திரிகைக்காரர்களோடு ஹார்கோர்டும் நகர்ந்த பிறகு, மெர்வின் டிரைவர் ஜன்னலுக்கு ஓடினார்.

"கிளைவ், நான் ஏறலைங்கிறது உனக்குத் தெரியுமா? யாரைப் பத்திய்யா இந்த ஜனங்க பேசுது?"

டிரைவர் கிளைவ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"ஆஷ்கம்ப்ல, உன்னை விட்டுட்டு வந்துட்டோம்னு அந்த நாய்க்கார அம்மாவும் நானும் சொன்னதும், மறியல் கொடியைச் சுவத்துல சாத்திட்டு வந்து ஏறினது உன் பொண்டாட்டிய்யா, இப்பதான் அந்தப் பக்கமா இறங்கி ஊர்வலத்துக்கு ஓடினாங்க, 'என் வீட்டுக்காரருக்கு வேலை போயிடக் கூடாது கிளைவ், ஆனா நான் கருங்காலி ஆனதை மட்டும் அவருகிட்ட சொல்லிடாதே, பாவம், தாங்க மாட்டாரு'ன்னாங்க."