சூரிக்கத்தியோடு வந்த ஆசாமி

வேற்றூருக்குக் குடிபோகிறவர்களில் இரண்டு வகை உண்டு. 'எனக்கு இந்த ஊர் பாஷை தெரியாது' என்று முதல் நாளே சொல்லிவிட்டு நிம்மதியாகக் காய்கறி வாங்குகிறவர்கள் ஒரு வகை. எட்டே மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்து, அதை நம்பிப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. (என் கணவர் முதல் வகை. என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவரும் கூட வரவேண்டியிருந்தது.)

அவருக்குக் கொல்கத்தா ஆபீசுக்கு மாற்றல் வந்ததும், பாளையங்கோட்டையிலிருந்து நான் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஜாதவ்பூரில் ஒரு வீட்டின் மாடிப் பகுதி கிடைத்தது. கீழே வீட்டுக்காரர். அவரை மேஷோமோஷாய் என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நம் ஊரில் சித்தப்பா என்பது போல. சித்தப்பாவுக்கு உண்டான சிரிப்பு மட்டும் அவரிடம் கிடையாது. ஆறடி உயரம், அடர்ந்த புருவம், கையில் எப்போதும் மடித்த குடை. படியில் எதிர்ப்பட்டால் நான் "நொமோஷ்கார்" என்பேன். அவர் தொண்டையைச் செருமுவார். எட்டு மாதமாக எங்கள் உறவு இவ்வளவுதான்.

வீட்டில் சும்மா இருந்த நான், குழந்தை வளர்ப்பு பற்றி வீடியோ போட ஆரம்பித்தேன். குழந்தை வளர்ப்பில் எனக்கு இருந்த அனுபவம் ஒரே ஒரு குழந்தை. அதுவும் இன்னும் முழுசாக வளரவில்லை. மகிழுக்கு அப்போது இரண்டரை வயது. ஆனாலும் கேமராவைப் பார்த்ததும் எனக்கு ஏழெட்டுப் பிள்ளை பெற்று ஆளாக்கியவளின் தோரணை வந்துவிடும்.

ஒருநாள், 'குழந்தையிடம் கத்தாமல் வேண்டாம் என்று சொல்வது எப்படி?' என்று ஒரு வீடியோ எடுத்தேன். நல்ல சேலை, பூ, மெல்லிய குரல். நான் கேமராவைப் பார்த்துப் பொறுமையின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்க, எனக்குப் பின்னால் மகிழ் இட்லி மாவுப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து, அதில் அவள் அப்பாவின் ஆபீஸ் ஷூவை முக்கி முக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியில் நான் திரும்பிப் பார்க்கிறேன். "ஏ மூதேவி!" என்று நான் போட்ட கூச்சலில் கேமராவே ஆடிவிட்டது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அதையும் வெட்டாமல் அப்படியே போட்டேன்.

சிரிக்கத்தான் செய்தார்கள். வீடியோ எங்கெங்கோ போனது. அப்புறம் திட்டுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். 'நீயெல்லாம் ஒரு தாயா?' என்பதுதான் அதில் ரொம்ப மரியாதையானது. என் உடம்பைப் பற்றி எழுதினார்கள். பிள்ளையை வைத்துப் பிச்சை எடுக்கிறேன் என்றார்கள். ஒருவர், 'இவளுக்குப் பிறந்ததற்கு அந்தப் பிள்ளை செத்தே போயிருக்கலாம்' என்று எழுதியிருந்தார். மகிழுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அதைப் படித்தேன். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நம் பாஷை, நம் ஊர்க்காரர்கள், வெளியே சொன்னால் நமக்குத்தான் கேவலம் என்று விழுங்கிக்கொண்டேன். சேனலை மூடிவிடலாம் என்று உள்ளுக்குள் முடிவும் பண்ணியிருந்தேன்.

கணவரிடம் பொதுவாக மட்டும் கேட்டுப் பார்த்தேன். "ஏங்க, இப்படித் திட்டுதவங்கள ஜெயில்ல போட முடியாதா?"

"ஒரு கமெண்டுக்கு ஜெயிலா? அப்படிப் பாத்தா நம்ம ஊர்ல பாதிப்பேரு உள்ளதான் இருக்கணும். அழிச்சுட்டுப் போவியா" என்றார்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு மத்தியானம் அந்த வங்காளக் கமெண்ட் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. எழுதியவர் பெயர் புலு. முகத்துக்குப் பதிலாக வாயைப் பிளந்த ஒரு மீன் தலையின் படம்.

'கி ஷர்போனாஷ்! கி துஷ்டு மேயே! து து து. தொமாதேர் பாடி சினி. கால் பிகேலே ஆஷ்சி. சுரி கோரே நியே ஜாபோ.'

என் வங்காள ஞானத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நானே கண்டுபிடித்த சூத்திரம் அது. நமக்குத் தெரிந்த வார்த்தையில் 'அ' வருகிற இடத்தில் 'ஓ' போட்டு, 'வ' வந்தால் 'ப' ஆக்கிவிட்டால் வங்காளம் தயார். ஜலம் என்றால் ஜோல். நமஸ்காரம் என்றால் நொமோஷ்கார். இதை வைத்துக்கொண்டு கரியாஹாட்டில் பேரம் பேசிப் புடவையே வாங்கியிருக்கிறேன். (விலை குறையவில்லை. கடைக்காரர் மட்டும் ரொம்ப நேரம் சிரித்தார்.)

சூத்திரத்தைத் திருப்பிப் போட்டேன். ஷர்போனாஷ் என்றால் சர்வநாசம். துஷ்டு, துஷ்டை. து து து என்பதற்குச் சூத்திரமே வேண்டாம், காறித் துப்புகிறான். பாடி என்றால் வீடு. சினி என்றால் தெரியும். வழி கேட்டால் ரிக்‌ஷாக்காரர்கள் 'சினி நா' என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அந்தச் சினி. கால் பிகேலே ஆஷ்சி, 'நாளைக்குச் சாயங்காலம் வருகிறேன்'. இது எங்கள் பிளம்பர் தினமும் சொல்கிற வாக்கியம். மிச்சம் இருந்தது சுரி. சுரி, சூரி, சூரிக்கத்தி!

உங்கள் வீடு எனக்குத் தெரியும், நாளைக்குச் சாயங்காலம் கத்தியோடு வருகிறேன். மகிழைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன்.

வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கணவர், "ஒன் சூத்திரத்த நம்பி ஊரக் கூட்டாத. போன்லயே மொழிபெயர்க்கலாம்லா" என்று கடைசி வரியைத் தட்டிப் பார்த்தார். 'திருடிக்கொண்டு போவேன்' என்று வந்தது. கத்தியோடு வந்து பிள்ளையைத் திருடிக்கொண்டு போகப்போகிறான் என்று இரண்டு மொழிபெயர்ப்பையும் கூட்டிப் படித்தபோது, அவர் முகம்தான் முதலில் வெளுத்தது.

மூன்று பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம். ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். கமெண்டைக் காட்டலாம் என்று பார்த்தால் என் போனில் சார்ஜ் இல்லை, கணவர் போன் ஓடிவந்த அவசரத்தில் வீட்டிலேயே. அதனால் என் சொந்த மொழிபெயர்ப்பையே, கொஞ்சம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ், நிறையக் கண்ணீர் கலந்து சொன்னேன். அவர் அதைப் புகாராக எழுதிக்கொண்டு, மகிழின் கன்னத்தைத் தட்டிவிட்டு, "நாளைச் சாயங்காலம் நானே வருகிறேன்" என்றார். பிளம்பர் மாதிரி இல்லாமல், சொன்னபடி இரண்டு காவலர்களோடு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் முன்னறையில் போலீஸ் உட்கார்ந்து ஃபில்டர் காபி குடித்துக்கொண்டிருந்தது. அழைப்பு மணி அடித்தது. காவலர்கள் இருவரும் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். கணவர் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார்.

வெளியே மேஷோமோஷாய். இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பா, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் இனிப்புப் பெட்டி.

போலீசைப் பார்த்ததும் அவர் புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. என்ன விஷயம் என்று கேட்டார். யாரோ இந்தக் குழந்தையைக் கடத்தப் போவதாக இணையத்தில் மிரட்டியிருக்கிறான் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார்.

மேஷோமோஷாய் குடையை ஓங்கித் தரையில் குத்தினார். அப்புறம் பேசினார் பாருங்கள்! எட்டு மாதத் தொண்டைச் செருமல் அத்தனையும் பிரசங்கமாக வந்தது. பாதி வங்காளம், பாதி இங்கிலீஷ். "ஒரு தாயை, ஒரு சிசுவை மிரட்டுகிறவனுக்கு ஜாமீன் எதற்கு? திட்டுவதையே குற்றமாக்க வேண்டும்! ஜெயிலில் போட வேண்டும்! என் வீட்டுக்குள் வந்து பார்க்கட்டும் அவன்!"

என் கணவருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, "ஏளா, இந்த ஆசாமி இம்புட்டு நல்லவரா? நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

சப்-இன்ஸ்பெக்டர் காபி டம்ளரை டக்கென்று கீழே வைத்தார். "ஆசாமி? இவரா ஆசாமி?" இரண்டு காவலர்களும் மேஷோமோஷாயின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

வங்காளத்தில் ஆசாமி என்றால் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதறிப் போய், "மேடம், தமிழில் எல்லாருமே ஆசாமிதான். இவரும் ஆசாமி, என் கணவரும் ஒரு ஆசாமி, நீங்களும்கூட..." என்று விளக்கப் போனேன். சப்-இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"முதலில் அந்தக் கமெண்டைக் காட்டுங்கள்" என்றார்.

காட்டினேன். சத்தமாகப் படித்தார். 'கி ஷர்போனாஷ்' என்னும்போதே அவர் உதடு துடிக்க ஆரம்பித்தது. 'சுரி கோரே' என்னும் இடத்தில் ஒரு காவலர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும், மேஷோமோஷாய் சின்னக் குரலில் சொன்னார்: "ஏடா தோ ஆமி லிகேச்சி."

அதாவது, இது நான் எழுதியதாயிற்றே!

புலு என்பது அவருடைய செல்லப்பெயராம். இங்கே ஊருக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். ஷர்போனாஷ் என்றால் 'அடக் கடவுளே' மாதிரி. பால் பொங்கினால்கூடச் சொல்வார்கள். துஷ்டு என்றால் குறும்புக்காரி. து து து, கண் படக்கூடாது என்பதற்கு. சுரி என்றால் திருட்டு. கத்தி வேறு, அதற்கு அழுத்தி 'ச்சுரி' என்று சொல்ல வேண்டும். 'அடக் கடவுளே, என்ன குறும்பு! கண் படாமல் இருக்கட்டும். உங்கள் வீடு தெரியும். நாளைச் சாயங்காலம் வருகிறேன், திருடிக்கொண்டு போய்விடுவேன்.' மனிதர் ஆரம்பத்திலிருந்தே, தமிழில் ஒரு வார்த்தை புரியாமல் மகிழுக்காக எல்லா வீடியோவையும் பார்த்திருக்கிறார். நேரில் பேசக் கூச்சம்.

சப்-இன்ஸ்பெக்டர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். மேஷோமோஷாய் சிரிக்கவில்லை. "வீடு போச்சுளா" என்று கணவர் முனகினார். எனக்கோ வீட்டைவிட மேஷோமோஷாயின் முகம்தான் பெரிசாகத் தெரிந்தது. "நான் கத்தி எடுத்து வருவேன் என்று நினைத்தாயா, மா?" என்று கேட்டார்.

அந்த 'மா' என்னை உடைத்துவிட்டது. அழுதுகொண்டே, மற்ற கமெண்டுகளை எடுத்துக் காட்டினேன். இதையெல்லாம் படித்துப் படித்துத்தான் எதைப் பார்த்தாலும் கத்தியாகத் தெரிகிறது என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பிள்ளை செத்திருக்கலாம் என்ற அந்த வரியை இந்தியில் சொன்னேன். என் கணவருக்கும் அப்போதுதான் தெரியும். அவர் மகிழை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்த காவலர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் புகார்த் தாளை எடுத்துக் கிழிக்கப் போனார். மேஷோமோஷாய் குடையை நீட்டித் தடுத்தார்.

"கிழிக்காதே, மா. புகார் சரியாகத்தான் இருக்கிறது. ஆசாமியின் பெயரை மட்டும் மாற்று."

புலுவை அடித்துவிட்டு, பிள்ளை செத்திருக்கலாம் என்று எழுதியவரின் பெயரைப் போட்டார். பெட்டியிலிருந்த சந்தேஷை எல்லாருமாகத் தின்றோம். எனக்கு அன்றைக்குத்தான் பல நாளைக்கப்புறம் பசித்தது. அந்த ஆளின் கணக்கு சீக்கிரமே காணாமல் போனது. போலீஸ் பேசியதா, தானே பயந்தாரா, தெரியாது. சேனலை நான் மூடவில்லை. இப்போதெல்லாம் ஜெயில் வேண்டும் என்று சொல்வது என் கணவர். வேண்டும்தான், ஆனால் வழக்குப் போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரிடம் அர்த்தம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும் என்பது என் திருத்தம்.

அன்றைக்கு அறையில் இருந்தவர்களில் மகிழ்தான் விஷயத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவர் அன்றிலிருந்து 'ஆசாமி தாது', அதாவது ஆசாமி தாத்தா. தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. போன துர்கா பூஜைக்கு ஊரிலிருந்து வந்த என் நாத்தனார் காதில் இது விழுந்துவிட்டது. "ஏ புள்ள, வயசுல பெரியவங்கள ஆசாமி கீசாமின்னு சொல்லலாமா? ஒங்கம்மா இதத்தான் சொல்லிக் குடுக்காளா?" என்று அதட்டினாள்.

மேஷோமோஷாய் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் நாத்தனாரைப் பார்த்துக் கைகூப்பி, கஷ்டப்பட்டுக் கற்ற தமிழில் சொன்னார்: "ஆமா, மா. நான்தான் ஆசாமி. இப்போ ஜாமீன்ல இருக்கேன்."