இரண்டு கட்சி ரிப்பன் கட்டிய செவலை

கூச்ச சுபாவம் உள்ளவனுக்குக் கடவுள் அசையாத கழுத்தைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குக் கொடுக்கவில்லை. யார் எதைக் கேட்டாலும், வாய் திறப்பதற்கு முன்னால் தலை ஆடிவிடும். (என் கல்யாணமே அப்படி முடிவானதுதான். ஏதோ புண்ணியம், அது நல்லபடியாக அமைந்துவிட்டது.)

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு ஆடுகளோடுதான் பிழைப்பு. ஆடுகள் கேள்வி கேட்பதில்லை.

அந்தத் தேர்தல் சமயத்தில் எங்கள் டீக்கடையில் பெரிய துக்கம். யார் ஜெயிப்பார் என்று போனில் பந்தயம் கட்டுகிற ஆப்பை அரசாங்கம் மூடிவிட்டது. காசு வைத்து நேரில் பந்தயம் கட்டினாலும் வழக்குதான் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் தர்மராசு அண்ணன் எழுந்தார். டீக்கடையில் சட்டம் பேசுவதற்கென்றே பிறந்தவர்.

"ஏலே, காசு வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னான்? ஆடு வைக்கக் கூடாதுன்னு எங்கனயாச்சும் சொன்னானா?"

சொல்லவில்லைதான். கடையே கை தட்டியது.

"தோத்த பக்கத்து ஆடு ஜெயிச்ச பக்கத்துக்கு. முடிவு வர்ற வரைக்கும் ரெண்டு பக்கத்து ஆட்டையும் பேசாத ஆள் ஒருத்தன் வச்சிருக்கணும். முனியசாமி, உன் பட்டியில கட்டிக்கிறலாமா?"

தலை ஆடிவிட்டது.

எந்த ஆடு எந்தப் பக்கம் என்று குழம்பக் கூடாதே? அந்தந்தக் கட்சிக் கொடி நிறத்தில் ரிப்பன் வாங்கிக் கழுத்தில் கட்டினேன். உலகத்திலேயே பெரிய அறிவாளி நான்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

"நீயும் நம்ம பக்கந்தானேலே?" என்று தர்மராசு அண்ணன் கேட்டார். தலையாட்டினேன். மறுநாள் எதிர்ப்பக்கத்து ஆரோக்கியம் அண்ணனும் அதையே கேட்டார். அதற்கும் ஆட்டினேன். ஆக, இரண்டு பக்கத்துக்கும் என் பந்தயமாக, என் மனைவி பஞ்சவர்ணம் பிள்ளை மாதிரி வளர்த்த செவலை ஆட்டின் கழுத்தில் இரண்டு ரிப்பனும் ஏறின. எவன் ஜெயித்தாலும் செவலை போய்விடும்.

"அழகுக்கா கட்டிருக்கீங்க?" என்றாள் பஞ்சவர்ணம். அதற்கும் ஆட்டினேன்.

ஓட்டுப்பதிவுக்குச் சில நாள் இருக்கும்போது பறக்கும் படை ஜீப் என் பட்டி முன்னால் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு பெண் அதிகாரி. (ஆண் அதிகாரி முன்னாலேயே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.) பட்டி நிறைய ரிப்பன் கட்டிய ஆடுகளைக் கண்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஓட்டுக்குக் குடுக்கவா வச்சிருக்கீங்க?"

தலை ஆடியது.

"ரெண்டு கட்சிக்கும் நீங்களேவா?"

ஆடியது.

செவலையைக் காட்டினார். "இதென்ன ரெண்டு ரிப்பன்? கூட்டணியா?"

அதற்கும் ஆடியது.

"எல்லாத்தையும் வண்டியில ஏத்துங்க. இவரையும்."

போலீஸ்காரர் செவலையின் கயிற்றில் கை வைத்தார். செவலை இல்லாமல் பஞ்சவர்ணம் முன்னால் போய் நிற்பதை நினைத்தேன். பிறவியிலேயே இல்லாத குரல் ஒன்று எங்கிருந்தோ கிளம்பியது.

"அம்மா, ஓட்டுக்கு இல்லம்மா! பந்தயம்மா!"

சட்டியிலிருந்து தப்பித்து அடுப்புக்குள் நானே இறங்கியிருந்தேன்.

"அதுவும் குத்தந்தாங்க. காசானா என்ன, ஆடானா என்ன? யார் யார் ஆடு இதெல்லாம்?"

வேலிக்கு வெளியே ஊரே நின்றது. ஆரோக்கியம் அண்ணன் வானத்தைப் பார்த்தார். "எனக்கு ஆட்டு வாடையே ஆகாதும்மா" என்றார் தர்மராசு அண்ணன்.

அப்போது தண்ணீர்க் குடத்தோடு பஞ்சவர்ணம் வந்தாள். ஜீப்பைப் பார்த்தாள், ரிப்பன்களைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"இவுகளை எதுக்கும்மா கேட்டுக்கிட்டு? அவுத்து விடுங்க. ஆட்டுக்கு அது வீடு தெரியாதா?"

அவளே கயிறுகளை அவிழ்த்துப் படலைத் திறந்தாள்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல! கட்சி ரிப்பன்கள் பறக்க ஆடுகள் தெருவில் ஓட, பின்னால் பறக்கும் படை ஓட, அதற்குப் பின்னால் ஊர் ஓடியது. ஒவ்வோர் ஆடும் ஒரு வாசலில் திரும்பியது. ஆரோக்கியம் அண்ணன் வீட்டுக்குள் போன கிடா நேரே அடுப்படியில் போய் நின்றது. ஆட்டு வாடை ஆகாத தர்மராசு அண்ணனின் வேட்டி நுனியை ஒரு கொடியாடு ஆசையாக மென்றது. "ச்சீ, போ! யார் வீட்டு ஆடோ!" என்று அவர் விரட்டிக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்குள்ளிருந்து அவர் சம்சாரம் ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"வந்துட்டியாடி தங்கம்! தொலைஞ்சு போச்சுன்னுல்ல இந்த மனுசன் சொன்னாரு!"

அதிகாரி அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லார் பெயரையும் எழுதி எச்சரித்து, பந்தயத்தைக் கலைத்துவிட்டு, "அடுத்த தடவை கோழி வச்சாலும் விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவலை மட்டும் எங்கேயும் ஓடவில்லை. பஞ்சவர்ணத்தின் சேலையை உரசிக்கொண்டு நின்றது.

"அழகுக்கா கட்டுனீங்க?" என்றாள் அவள் மறுபடியும். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் என் தலை ஆடவில்லை.

இன்றைக்கும் என் மகள் எதைக் கேட்டாலும், "வாயால சொல்லுங்கய்யா, தலையாட்டுனா செல்லாது" என்கிறாள். செவலைக்குக் கூட்டணி என்றே பெயர் விழுந்துவிட்டது. இப்போது அதன் குட்டிகளுக்கும் அதே பெயர்தான். தேர்தல் வந்து ஓட்டுக் கேட்டு வண்டிகள் எங்கள் தெருவுக்குள் நுழையும் சாயங்கால நேரமாகப் பார்த்து, பஞ்சவர்ணம் வாசலில் நின்று கூப்பிடுவாள்:

"ஏ கூட்டணி! மேஞ்சது போதும், வீட்டுக்கு வா!"

வண்டியில் இருப்பவர்கள் மைக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் கழுத்தைக் கையால் பிடித்துக்கொள்வேன்.