பூச்சு நிலுவை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீங்களும் என் மகளும் பேத்தியும் அங்கே அதைவிட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "அந்தக் கட்டடம் முடிஞ்சாத்தான் வருவேன்னு இன்னும் எத்தனை வருஷம் சொல்வீங்க மாமா?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். முடிந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி நிரந்தரமாக வந்துவிடுகிறேன்.

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் எட்டு மாடி அரசு அலுவலகத்தைத் திறந்தபோது, அது உள்ளும் புறமும் வெறும் கான்கிரீட்டாக நின்றது. கான்கிரீட் வார்க்க அடித்த சென்ட்ரிங் பலகையின் மரநரம்புகூடச் சுவரில் அப்படியே பதிந்திருந்தது. திறந்துவைத்த அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பூச்சு வேலை விரைவில் முடியும்" என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். கட்டடத்தை வரைந்தவர் அந்தப் பேச்சின் நடுவில் எழுந்து போனார். தண்ணீர் குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தார்களாம். மேடையில் சொன்னது மறுநாள் கோப்பானது, கோப்பைப் பார்த்துக்கொள்ளக் 'கட்டட நிறைவுப் பிரிவு' பிறந்தது, ஒன்பது ஆண்டு கழித்து நான் அதில் எழுத்தராகச் சேர்ந்து, பிறகு தலைவருமானேன். முடியாத கட்டடத்துக்குப் பராமரிப்பு கிடையாது என்பதால் மூன்றாம் மாடி ஒழுகினால் வாளிதான். பேருந்து நடத்துநர்கள் "அரைக்கட்டடம் எல்லாம் இறங்கு!" என்பார்கள், நானும் இறங்குவேன்.

என் பத்தொன்பதாவது நினைவூட்டலுக்குப் போன வாரம் ஒப்புதல் வந்தது. நேற்றுக் காலை மேஸ்திரி எட்டு ஆட்களோடு வந்தார். வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு பிடிக்காது என்பதால் முதலில் உளியால் கொத்த வேண்டும். மதியத்துக்குள் வாசல் சுவரில் பாதியைக் கொத்திப் பூசியும்விட்டார்கள். அப்போது மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. பலகை எல்லாம் ஒரே அகலம், ஒரு ஆணி கோணல் இல்ல. மூடறதுக்குன்னா எவன் சார் இவ்வளவு மெனக்கெடுவான்?"

நேரே என் அறைக்குப் போனேன். அலமாரியிலிருந்து மூல வரைபடத்தை எடுத்தேன். பத்தொன்பது கடிதங்களிலும் அதை 'இணைப்பு' என்று குறிப்பிட்டவன் நான். ஒருமுறையும் பிரித்துப் பார்த்தவன் இல்லை. முதல் தாளின் ஓரத்தில், வரைந்தவரின் கையெழுத்தில், சிவப்பு மையில் இருந்தது: 'பூசக் கூடாது. கட்டடம் இவ்வளவுதான்.'

எங்கள் பிரிவின் தட்டச்சு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"சார், அப்ப நாம இத்தனை வருஷமா என்னதான் பண்ணினோம்?"

"நினைவூட்டல் அனுப்பினோம்மா."

"பேசாம சுருட்டி உள்ள வெச்சிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியாதுதான். பூச்சு முடிந்தால் எனக்கு மாலை மரியாதையோடு ஒரு விழாவும் உண்டு. ஆனால் வெளியே வந்தபோது சாய்ந்த வெயில் மிச்சச் சுவரில் விழுந்து, மரநரம்பு ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. இருபத்தொன்பது ஆண்டுகளாக அந்தச் சுவரைக் குறையாக மட்டுமே பார்த்திருக்கிறேன். கையை உயர்த்தி வேலையை நிறுத்தச் சொன்னேன். 'கட்டடம் முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. எனவே எங்கள் பிரிவைக் கலைத்து என்னையும் விடுவிக்கலாம்' என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மனம் லேசாக இருக்கிறது. மாடி அறையை ஒழித்து வையுங்கள்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் மேலதிகாரி கூப்பிட்டார். "அருமையாக் கண்டுபிடிச்சீங்க! இனிமே இந்தக் கட்டடத்து மேல ஒரு பொட்டு சிமென்ட் படக்கூடாது. பூசின பாதியை எடுக்க 'பூச்சு நீக்கப் பிரிவு' போட்டாச்சு, நீங்கதான் தலைவர்" என்றார். விதிப்படி முடியாத வேலையை நீக்க இயலாதாம். முடித்துச் சான்றளித்த பிறகே நீக்கலாமாம். ஆகவே நாளை எட்டு மாடிக்கும் பூச்சு தொடங்குகிறது. மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடுங்கள்.