பிரேக் மாஸ்டர் இந்தோனேசிய மொழி படித்த விதம்

இந்தோனேசிய மொழியை இந்த உலகத்தில் எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். ஆனால் பிரேக் மாஸ்டரைப் போல அதை அடித்து நொறுக்கியவர் ஜாவாவிலும் இல்லை, சுமத்ராவிலும் இல்லை. எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நொறுங்கியதையெல்லாம் பார்த்தவன் நான்.

கனடாவில், ஸ்காபரோவில் பாதித் தமிழர்களுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவர் அவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களின் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? அதை இருபத்தைந்து வருடம் மிதித்து மிதித்து, காருக்கு வெளியேயும் அவருடைய வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கும். பந்தியில் யாராவது சாம்பார் வாளியோடு வேகமாக வந்தால் மிதிப்பார். கோயிலில் ஐயர் மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினால் மிதிப்பார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நான் திருச்சிக்காரன். என் அலுவலகக் குழுவில் பாதிப் பேர் ஜகார்த்தாவில் இருந்ததால், அஜின்கோர்ட்டில் ஒரு சமூக நிலையத்தில் சனிக்கிழமை காலையில் நடந்த இந்தோனேசிய வகுப்பில் சேர்ந்தேன். மாஸ்டர் சேர்ந்த காரணம் வேறு. அவருடைய மகள் கௌசி காதலித்த பையனுக்கு யோக்யகர்த்தா ஊர். பையனின் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. முதல் வீடியோ அழைப்பில் அந்த அம்மா என்ன கேட்டாலும் மாஸ்டர் பணிவாகத் தலையாட்டி, "ஓம், ஓம்" என்றிருக்கிறார். மாஸ்டரின் ஊரான யாழ்ப்பாணத்தில் 'ஓம்' என்றால் ஆமாம். இந்தோனேசியாவில் 'ஓம்' என்றால் மாமா. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த அந்த அம்மா, கடைசியில் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மனிதர் ஏன் என்னை மாமா, மாமா என்கிறார்?" என்று கவலையோடு விசாரித்திருக்கிறார்.

"தம்பி, வைகாசியிலை கலியாணம். அதுக்குள்ளை சம்பந்தி அம்மாவோடை நான் நாலு வசனம் ஒழுங்காக் கதைக்கவேணும். இல்லாட்டி என்ரை பிள்ளைக்கு அந்த வீட்டிலை என்ன மரியாதை இருக்கும்?" என்றார் என்னிடம் முதல் நாளே.

எங்கள் ஆசிரியை ரினிக்கு ஐம்பது வயது. அவருடைய பாடமுறைக்கு மட்டும் பத்து வயது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பந்தை எறிவார். பிடித்தவர் ஒரு சொல் சொல்லவேண்டும். எழுதக் கூடாது, மொழிபெயர்க்கக் கூடாது, ஆடலாம், பாடலாம். மாஸ்டரோ கோடு போட்ட கொப்பியில் ஒவ்வொரு சொல்லையும் இருபது தரம் எழுதினால்தான் அது மண்டையில் ஏறும் என்று நம்புகிறவர். பந்து வந்தால் கை பிடிக்காது, கால் பிரேக்கை மிதிக்கும். பந்து நெற்றியில் படும்.

கைபேசியில் வினாடி வினா வைத்தார் ரினி. நேரம் முடியப் போகும்போது திரை மஞ்சளாகும். நாங்கள் அவசரம் அவசரமாகப் பொத்தானை அமுக்க, மாஸ்டர் கையை எடுத்துக்கொள்வார்.

"அண்ணை, அமுக்குங்க" என்றேன்.

"மஞ்சள் விழுந்தால் நிக்கவேணும் தம்பி. இதைத்தானே இருபத்தைஞ்சு வருசமாச் சொல்லிக் குடுக்கிறன்."

எட்டு வாரத்தில் அவர் எடுத்த மொத்த மதிப்பெண் பூச்சியம்.

இலக்கணத்தோடும் சண்டைதான். 'துலிஸ்' என்றால் எழுது. அதற்கு முன்னால் ஓர் ஒட்டுச் சேர்ந்தால் 'மெனுலிஸ்'. முதலில் இருந்த 'து' எங்கே போனது என்று மாஸ்டர் கேட்டார். அது மறைந்துவிடும் என்றார் ரினி.

"எழுத்தெண்டாலும் சிக்னல் போட்டிட்டெல்லோ போகவேணும்" என்று மாஸ்டர் என்னிடம் முறையிட்டார்.

அவர் ஒரே தரத்தில் கற்றுக்கொண்ட சொல் 'சுவாமி'. அந்த மொழியில் அதற்குக் கணவன் என்று பொருள். அன்றைக்கே வீட்டுக்குப் போய் மனைவியிடம், இனிமேல் தன்னை அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்றிருக்கிறார்.

"எங்கடை வீட்டிலை சுவாமி உடுப்புக் குளோசற்றுக்குள்ளை. நீங்களும் அங்கை போய் இருங்கோ" என்றாராம் அன்ரி.

ஒன்பதாம் வாரம் மாஸ்டர் கொப்பியை மூடினார். "ஏறுதில்லை தம்பி. பிள்ளைக்காகத்தான் வந்தனான். என்னாலை ஏலாது" என்றார். சிரிப்பே இல்லை அந்தக் குரலில்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ரினியை மாஸ்டர் தன் பயிற்சிக் காரில் ஏற்றிக்கொண்டார். நான் பின்சீட்டில். ஒரு திருப்பத்தில் கார் சற்று வழுக்க, ரினி கதவைப் பிடித்துக்கொண்டு, "ஹாத்தி-ஹாத்தி" என்றார். அப்படியென்றால் என்ன என்று மாஸ்டர் கேட்டார். 'ஹாத்தி' என்றால் நெஞ்சம், அதையே இரண்டு தரம் சொன்னால் கவனம் என்று ரினி விளக்கினார்.

"நெஞ்சு ரெண்டு தரம் அடிச்சால் கவனம். சரியாத்தானே வைச்சிருக்கிறாங்கள்" என்று மாஸ்டர் மலர்ந்துபோனார். அந்தச் சொல் அவருக்கு மறக்கவே இல்லை.

அப்போதுதான் ரினி, தான் ரோட் டெஸ்ட்டில் இரண்டு முறை தோற்ற கதையைச் சொன்னார். அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு முடிந்ததும் ரினி ஓட்டுவார், மாஸ்டர் வழி சொல்வார், ஆனால் இந்தோனேசிய மொழியில் மட்டும். சொல் தவறினால் காரும் வழி தவறும்.

தவறியது. மில்லிக்கன் பக்கத்தில் இடது பக்கம் திரும்ப 'கிரி' என்று சொல்லவேண்டியவர், வலது பக்கத்துக்கான 'கானான்' என்றார். ரினி கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். கார் ஒரு டோனட் கடையின் டிரைவ் த்ரூ வரிசையில் மாட்டிக்கொண்டது. முன்னால் நாலு கார், பின்னால் ஆறு கார். வேறு வழியில்லாமல் மூன்று காப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அடுத்தடுத்த வாரங்களில் மேலும் நான்கு முறை காப்பி குடித்தோம். ஆனால் வட்டமாகப் போட்ட நாற்காலியில் எட்டு வாரம் ஏறாத மொழி, ஸ்டீல்ஸ் வீதியில் ஏறிவிட்டது. ரினியும் மூன்றாவது முறை தேறினார்.

வைகாசி வந்தது. மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். இப்போது ஒரு தேங்காய் உடைப்போம், பயப்படாதீர்கள் என்று சம்பந்தி அம்மாவுக்குச் சொல்லவேண்டும். தேங்காய்க்கு 'கெலாப்பா'. தலைக்கு 'கெப்பாலா'. மாஸ்டர் கம்பீரமாக அறிவித்தார்: "பயப்படாதீர்கள் அம்மா. இப்போது நாங்கள் தலையை உடைப்போம்."

அவருக்குப் பின்னால் ஒருவர் கத்தியோடு தயாராக நின்றார்.

சம்பந்தி அம்மா ஓரடி பின்வாங்கி, "யாருடைய தலை?" என்று அவர்கள் மொழியில் கேட்டார். கால் தரையை மிதித்தது. பதற்றத்தில் பழைய வாய், "ஓம், ஓம்" என்றது.

"மாமாவுடைய தலையா?" அந்த அம்மா மாஸ்டரின் தலையை ஒரு தரம் பார்த்தார். "சரி, உடையுங்கள்."

எனக்கும் ரினிக்கும்தான் முதலில் புரிந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் தவில்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். பிறகு மாப்பிள்ளை, பிறகு கௌசி, பிறகு காரணம் தெரியாமலே மண்டபம் முழுவதும்.

சிரிப்பு அடங்கியதும் மாஸ்டர், பேசுவதற்கு எழுதி வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்தார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. மகளைக் காட்டி, "அனாக் சாயா. ஹாத்தி சாயா" என்றார். என் பிள்ளை, என் நெஞ்சம். ஒரு பிழையும் இல்லாமல் அவர் பேசிய இந்தோனேசிய மொழி அவ்வளவுதான். சம்பந்தி அம்மா வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்து ஒரு வருடமாகிறது. என் ஜகார்த்தாக் குழுவும் கலைந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை காலையில் மாஸ்டரிடம் போகிறேன், இரண்டு கார்களுக்கு நடுவில் பார்க் பண்ணப் பழகுவதற்கு. "இன்னும் கொஞ்சம் பழகவேணும் தம்பி, அடுத்த கிழமையும் வாங்கோ" என்பார். நாலு வருடமாக என் வீட்டு வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவில்தான் ஒரு கீறல் இல்லாமல் பார்க் பண்ணுகிறேன். அதை மட்டும் அவரிடம் நான் சொல்வதில்லை.